படித்துறை எங்கே?

தில்லியில் வேலை பார்க்கும் தமிழர்கள் எல்லோருக்கும் சம்பளமில்லாத உபதொழில் ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு வழிகாட்டியாக இருப்பது. குதுப் மினாரில் தொடங்கி, செங்கோட்டை, பிர்லா மந்திர், இந்தியா கேட் என்று சுற்றி, கால் ஓய்ந்த நேரத்தில் ராஜ்காட்டில் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

2003 டிசம்பரில் கும்பகோணத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். குரங்குக் குல்லாயும் இரட்டை ஸ்வெட்டருமாக என்னுடன் ராஜ்காட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லிட்ட கல் பாதையில் வெறுங்காலோடு நடந்து, கறுப்புப் பளிங்கு மேடையை மூன்று முறை சுற்றினார். அணையா விளக்கின் முன் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும் நாலு திசையும் பார்த்தார்.

"காட்னா படித்துறைன்னு நீதானேடா சொன்னே? படி எங்கே? ஆறு எங்கே?"

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு ஒரு செய்தி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் 'காட்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவன் நான்தான். சக்கரப் படித்துறையில் குளித்து வளர்ந்தவருக்குப் படியும் இல்லாத, தண்ணீரும் தெரியாத ஒரு துறையை எப்படி விளக்குவது? "ஆறு அந்தப் பக்கம் இருக்கு பெரியப்பா" என்று கிழக்கே கை காட்டினேன். அவர் பார்த்த திசையில் மரங்கள் இருந்தன. மரங்களுக்கு அப்பால் மண் கரை. கரைக்கு மேலே அடுப்புப் புகை.

"அங்கே யார் இருக்கா?" என்றார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆறு நகர்ந்துவிட்டது. 1639-ல் தொடங்கி 1648-ல் ஷாஜஹான் செங்கோட்டையைக் கட்டி முடித்தபோது யமுனை அதன் கிழக்குச் சுவரை ஒட்டி ஓடியது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1546-ல், ஷேர்ஷாவின் மகன் இஸ்லாம் ஷா சலீம்கட் கோட்டையைக் கட்டியதும் ஆற்றை நம்பித்தான். தெற்கே 1354-ல் பிரோஸ் ஷா துக்ளக் கட்டிய கோட்லாவும் ஆற்றங்கரைக் கோட்டையே. அங்கே இன்றும் நிற்கும் அசோகர் தூண், தோப்ரா கிராமத்திலிருந்து படகில் ஏற்றி யமுனை வழியாகக் கொண்டுவரப்பட்டது. இன்று இந்த மூன்று கோட்டைகளின் வாசலிலும் நின்றால் தெரிவது வாகனங்கள்தான். ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய தடத்தில் இப்போது ரிங் ரோடு ஓடுகிறது.

ராஜ்காட் என்ற பெயரும் காந்திக்கு முற்பட்டது. மதில் சூழ்ந்த பழைய தில்லிக்கு ஆற்றைப் பார்த்த வாசல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ராஜ்காட் வாசல். அதன் வழியே இறங்கியவர்கள் நேராகத் துறைக்குத்தான் போனார்கள். பெரியப்பாவின் கேள்வியில் தப்பில்லை. கேட்க வந்ததுதான் தாமதம்.

கோட்டைச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே கிடந்த மணல்வெளிக்கு 'பேலா' என்று பெயர். மொகலாயச் சக்கரவர்த்திகள் மேலே பலகணியில் வந்து உட்கார்ந்து மக்களுக்குத் தரிசனம் தருவார்கள். கீழே மணலில் யானைச் சண்டை நடக்கும். 1911 டிசம்பர் 13-ம் தேதி, தர்பாருக்கு மறுநாள், ஐந்தாம் ஜார்ஜும் மேரி ராணியும் அதே பலகணியில் கிரீடத்துடன் தோன்றினார்கள். கீழே பேலாவில் ஜனசமுத்திரம். அதற்காகவே ஒரு பெரிய திருவிழா அங்கே நடந்தது. ஆள்பவர்கள் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. ராஜா மேலே, ஜனங்கள் கீழே. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கீழ்த்தளம், அந்த மணல், எப்போதும் ஜனங்களிடம் இருந்தது.

1948 ஜனவரி 31-ம் தேதி காந்தியின் உடலை ஊர்வலமாகக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் எழுந்த நினைவிடத்தை வடிவமைத்தவர் வானு பூதா என்ற கட்டடக் கலைஞர். அலங்காரமே இல்லாத அந்தக் கறுப்பு மேடையைப் போன்ற பொருத்தமான நினைவுச் சின்னம் இந்தியாவில் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். அதன் பிறகு வரிசை நீண்டது. 1964-ல் நேருவுக்கு சாந்தி வனம். 1966-ல் லால் பகதூர் சாஸ்திரிக்கு விஜய் காட். 1984-ல் இந்திரா காந்திக்கு சக்தி ஸ்தல். 1987-ல் சரண் சிங்குக்கு கிசான் காட். 1991-ல், நம் ஸ்ரீபெரும்புதூரில் உயிரிழந்த ராஜீவ் காந்திக்கு வீர் பூமி. பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்து ஜனாதிபதியான ஆர். வெங்கட்ராமனுக்கு 2009-ல் இறுதி மரியாதை நடந்ததும் இந்தக் கரையில்தான். எல்லாம் சேர்த்து 245 ஏக்கருக்கு மேல்.

இனித் தனித்தனி சமாதிகள் வேண்டாம் என்று 2000-ல் மத்திய அரசு முடிவு செய்தது. 2013-ல் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நினைவிடம் என்று அமைச்சரவை தீர்மானித்தது. 2018-ல் வாஜ்பாய்க்கு 'சதைவ் அடல்' அமைந்தது. 2024 டிசம்பரில் மன்மோகன் சிங் காலமானபோது, தகனத்துக்கு ஊர்ப் பொது மயானமான நிகம்போத் காட்டா, தனி இடமா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. இறந்தவர்களுக்கும் இந்த நகரத்தில் இடம் கிடைப்பது சுலபமாக இல்லை.

மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தப் பெயர்களில் ஒரு சங்கடம் உண்டு. வனம், காட், ஸ்தல், பூமி - காடு, துறை, தலம், நிலம். நான்கு சொற்களுக்கும் தமிழில் நான்கு பொருள். இந்தக் கரையில் மட்டும் நான்குக்கும் ஒரே பொருள்: சமாதி. செய்தியில் 'வீர் பூமி' என்று வந்தால் 'வீர பூமி' என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'நினைவிடம்' என்று போட வேண்டியிருக்கும். போடாவிட்டால் வாசகர் அதை ஏதோ போர்க்களம் என்று நினைத்துக்கொள்வார்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தத் தோட்டங்கள் எனக்குப் பிடிக்கும். ஐசன்ஹோவர், ஹோ சி மின், எலிசபெத் ராணி என்று வந்துபோன வெளிநாட்டுத் தலைவர்கள் நட்ட மரங்கள் ராஜ்காட்டைச் சுற்றி வளர்ந்திருக்கின்றன. காசு கேட்காமல் உட்கார அனுமதிக்கும் பெரிய புல்வெளிகள் இந்த நகரத்தில் அதிகமில்லை. குளிர்கால மதியங்களில் பழைய தில்லியிலிருந்து வரும் குடும்பங்கள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு, நிலக்கடலை கொறித்துக்கொண்டு, சாயங்காலம் வரை வெயில் காய்வார்கள். தலைவர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

உட்காரலாம், படுக்கலாம். விளையாட முடியாது. பந்து உருண்டால் காவலாளியின் விசில் கேட்கும். சமாதியில் சத்தம் கூடாது என்பது நியாயம்தான். அதனால் விளையாட்டு சமாதிகளுக்குப் பின்னால் நடந்தது. அடுப்புப் புகை தெரிந்த இடத்தில்.

அந்தக் கரைக்கட்டுக்கு இந்தியில் 'புஷ்தா' என்று பெயர். வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட மண் அணை. அதன் மேலும் கீழும் ஆயிரக்கணக்கான குடிசைகள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஸ்டேடியங்களும் மேம்பாலங்களும் கட்டப் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கூலிகளில் பலர் ஊர் திரும்பவில்லை. தில்லிக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். ரிக்ஷா ஓட்ட, மூட்டை தூக்க, பாத்திரம் தேய்க்க. ஆற்றங்கரையில் அவர்கள் எழுப்பிய உள்விளையாட்டரங்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் போட்டிக்கு வரும் வீரர்கள் தங்கவென்று பக்கத்தில் திட்டமிட்ட கட்டடம் பின்னால் தில்லி அரசின் தலைமைச் செயலகமாகிவிட்டது. அதை இன்றும் 'பிளேயர்ஸ் பில்டிங்' என்றுதான் சொல்கிறார்கள். தில்லியில் விளையாட்டு எங்கேயாவது மிஞ்சியிருக்கிறது என்றால், பெயரில்.

நான் அப்போது தரியாகஞ்சில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தேன். பர்சாத்தி என்றால் மொட்டை மாடியில் ஒற்றை அறை. கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. என்னோடு இன்னும் இரண்டு தமிழ்ப் பையன்கள். எங்களுக்குப் பாத்திரம் தேய்த்த அம்மாள் புஷ்தாவிலிருந்து வருவார். தர்பங்கா பக்கத்துக்காரர். கூடவே பத்து வயது மகன். அம்மா வேலை முடிக்கும்வரை அவன் மாடிச் சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருப்பான். கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுவார். ஒருநாள் நான் கேட்டேன்: "இதற்கு மைதானமே இல்லையா உனக்கு?"

"இருக்கே பையா. பெரிய மைதானம். ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்றான்.

'பையா' என்றால் அண்ணன். தில்லியில் காய்கறிக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் தம்பி இல்லாத எனக்கு அது பிடித்திருந்தது. ஞாயிறு காலையில் பழைய புத்தகங்கள் பார்க்க நடைபாதைச் சந்தைக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிட்டு அவனோடு போனேன். ரிங் ரோட்டைக் கடந்து, சமாதி வேலியை ஒட்டிச் சென்ற ஒற்றையடிப் பாதையில் நடந்து, கரையேறி இறங்கினால் வெட்டவெளி. ஆற்றுப்படுகை. ஒரு பக்கம் முள்ளங்கிப் பாத்தி. மறுபக்கம் காய்ந்துகொண்டிருக்கும் வேட்டி, புடவைகள். நடுவில் எட்டுப் பத்து ஆட்டங்கள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நடந்துகொண்டிருக்கும். செங்கல் அடுக்கியதுதான் ஸ்டம்ப். காஸ்கோ பந்து. முள்ளங்கிப் பாத்தியில் விழுந்தால் அவுட், தண்ணீரில் விழுந்தால் ஆறு ரன்னும் இல்லை, பந்தும் இல்லை. ஆற்று நாற்றம் முதல் பத்து நிமிஷம்தான் தெரியும்.

அவனுக்குச் சேவாக் என்றால் உயிர். கால் நகர்த்தாமல் அடிப்பான். அங்கிருந்து கோட்லா மைதானம் கூப்பிடு தூரம். 1999 பிப்ரவரியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் கும்ப்ளே ஒருவரே வீழ்த்திய அதே மைதானம். மேட்ச் நாட்களில் அவன் மதிலுக்கு வெளியே நின்று, எழும் இரைச்சலை வைத்து நாலா, விக்கெட்டா என்று சொல்லிவிடுவான். "உள்ளே போயிருக்கிறாயா?" என்று கேட்டதற்கு, "சத்தம் இங்கேயே கேட்கிறதே பையா" என்றான்.

2004 மார்ச்சில் என் மேஜைக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகைக் குறிப்பு வந்தது. யமுனைக் கரையிலிருந்து ஆக்கிரமிப்புகளை அகற்றும் பணி நடக்கிறது; கரை அழகுபடுத்தப்படும்; பூங்கா, நடைபாதை, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் எல்லாம் வரும். சாயங்காலப் பதிப்புகளுக்குள் தமிழில் போக வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்தேன். "ஆக்கிரமிப்பாளர்கள் அகற்றப்பட்டு, எழில்மிகு ஆற்றங்கரை உருவாகும்" என்று எழுதியதாக ஞாபகம். 'எழில்மிகு' என் சொந்தச் சரக்கு. மூலத்தில் அவ்வளவு அழகாக இல்லை. ஆசிரியர் குழுவில் மூத்தவர் ஒருவர் நன்றாக வந்திருக்கிறது என்றார். டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் தேய்க்க யாரும் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய்ப் பார்த்தேன். கரையின் ஒரு பகுதி முழுக்க உடைந்த செங்கல். கிழிந்த தார்ப்பாய். ஒரு அம்மிக்கல். புல்டோசர் பல் பதிந்த மண். எங்கள் ஸ்டம்ப்புக்கு வேண்டிய செங்கல் அந்தக் கரை நெடுகக் கிடந்தது. ஆட ஆள் இல்லை.

அந்த மாதக் கடைசியில் முல்தானில் சேவாக் 309 ரன் எடுத்தார். டெஸ்ட்டில் இந்தியர் ஒருவரின் முதல் முச்சதம். தரியாகஞ்சு தெருவில் பட்டாசு வெடித்தார்கள். எனக்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

நீதிமன்ற உத்தரவின் பேரில்தான் அந்தக் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆறு மாசுபடுகிறது என்பது காரணம். மாசு பொய்யில்லை. வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை 22 கிலோ மீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆற்றின் அழுக்கில் முக்கால் பங்குக்கும் மேல் அங்கேதான் சேர்கிறது. ஆனால் அதைச் சுமந்துவருபவை நஜப்கட் போன்ற பெருங்கால்வாய்கள். நகரம் முழுவதின் சாக்கடையும், பர்சாத்தியில் நான் குளித்த தண்ணீர் உட்பட, அவற்றில்தான் போகிறது. குடிசைகள் போய் இருபது வருடம் தாண்டிவிட்டது. ஆறு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். தமிழ் படித்தவனாக எனக்கு உறுத்தியது 'ஆக்கிரமிப்பு' மட்டுமில்லை, 'அகற்றப்பட்டு' என்பதும்தான். குப்பைக்கும் அதே வினை, மனிதர்களுக்கும் அதே வினை. செய்தவர் யார் என்று சொல்லாமல் தப்பித்துக்கொள்ள வசதியான செயப்பாட்டு வினை. நம் ஊரில் 1970-ல் ஒரு வாரியம் அமைத்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயருக்குக் குடிசைகளை அப்புறப்படுத்தும் வாரியம் என்று பொருள். தமிழில் பெயர் வைத்தவர் 'குடிசை மாற்று வாரியம்' என்று வைத்தார். அப்புறப்படுத்துவது வேறு, மாற்றுவது வேறு. மாற்று என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று தந்தாக வேண்டும். வாரியம் அந்தப் பெயருக்கு எப்போதும் உண்மையாக நடந்துகொண்டதா என்பது தனி விவாதம். பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஒரு கடமையை அரசின் தலையில் கட்டிவிட்டார். அதே வேலையைச் செய்ய எனக்கும் இருபது நிமிடம் இருந்தது. நான் 'எழில்மிகு' என்று எழுதினேன்.

மே மாதம் விசாரித்துக்கொண்டு பவானாவுக்குப் போனேன். நகரின் வடமேற்கு ஓரம், ஏறக்குறைய 30 கிலோ மீட்டர். இரண்டு பஸ் மாறி, இரண்டு மணி நேரம். 1990-க்கு முன்பே வந்ததற்கு அத்தாட்சி இருந்தவர்களுக்கு 18 சதுர மீட்டர். அதற்குப் பிறகு 1998 வரை வந்தவர்களுக்கு 12.5 சதுர மீட்டர். அத்தாட்சி இல்லாதவர்களுக்கு ஒன்றுமில்லை. மனைக்கு ரூ. 7,000 கட்ட வேண்டும். பொட்டல் வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். கோட்டுக்குள் மூங்கிலும் பாயுமாகக் குடும்பங்கள். கேட்டுக் கேட்டு அந்த அம்மாளைக் கண்டுபிடித்தேன். அவர்களுக்கு 12.5 கிடைத்திருந்தது. என் பர்சாத்தியைவிடச் சிறியது.

"ஒரு மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறது" என்று பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வேலைக்கு வர முடியுமா என்று நான் கேட்கவில்லை. போகவர பஸ் கட்டணமே சம்பளத்தில் பாதி ஆகும். பையன் வெளியே வந்தான். பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்றேன். சிரித்தான். பையிலிருந்து காஸ்கோ பந்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை என் அறையில் விட்டுப்போனது.

"இங்கேதான் நிறைய இடம் இருக்கிறதே" என்றேன், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று.

"இடம் இருக்கு பையா. டீம் இல்லை" என்றான். "பாதிப் பேருக்கு மனை கிடைக்கலை. எங்கே போனாங்கன்னு தெரியலை."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. போயிருக்கலாம். ஐந்தாறு மாதத்தில் வேறு வேலை, பிறகு கல்யாணம், யமுனைக்கு அக்கரையில் மயூர் விகாரில் வீடு. மெட்ரோ வந்தபின் தினமும் இரண்டு வேளை ஆற்றைக் கடக்கிறேன். கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்தால் கறுப்புத் தண்ணீரும், மார்கழியில் வெள்ளை நுரையும் தெரியும்.

எழில்மிகு ஆற்றங்கரை வரத்தான் செய்தது, தவணை முறையில். பழைய குப்பைமேட்டின் மேல் இந்திரப்பிரஸ்தப் பூங்கா வந்தது. அதற்குள் 2007-ல் வெள்ளை வெளேரென்று ஒரு சாந்தி ஸ்தூபி. ஆற்றுப்படுகையிலேயே ஒரு பெரிய கோயில். 2010 காமன்வெல்த் போட்டிக்காக வீரர்கள் தங்கும் அடுக்குமாடிகளும் ஒரு பஸ் பணிமனையும். அவற்றுக்கெல்லாம் யாரும் ஆக்கிரமிப்பு என்று பத்திரிகைக் குறிப்பு அனுப்பவில்லை. 2022 வாக்கில் அசிதா, பான்சேரா என்று புதிய பூங்காக்கள். மூங்கில், புல்வெளி, நடைபாதை என்று பார்க்க உண்மையிலேயே அழகாக இருக்கின்றன. கான்கிரீட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

2023 ஜூலை 13-ம் தேதி பழைய ரயில் பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-ன் 207.49 மீட்டர் சாதனை 45 வருடத்துக்குப் பிறகு முறிந்தது. செங்கோட்டையின் பின்சுவரில் அலை மோதியது. ஷாஜஹான் பார்த்த காட்சியைத் தில்லிக்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ராஜ்காட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. புதிய பூங்காக்கள் முழுகின. ஆற்றுக்கு எந்தச் சுவர் நினைவிடம், எந்தச் சுவர் ஆக்கிரமிப்பு என்ற பேதம் தெரியவில்லை.

எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. வீரனுக்கு நடுகல் எடுக்கும்போது, கல்லைத் தேர்ந்து, நீரில் ஆட்டி, பிறகுதான் நட வேண்டும். அந்த நீராட்டுக்கு 'நீர்ப்படை' என்று பெயர். கண்ணகிக்காகச் செங்குட்டுவன் இமயத்துக் கல்லைக் கங்கையில் நீராட்டியதைச் சொல்லும் சிலப்பதிகாரக் காதைக்கும் அதுவே பெயர். ராஜ்காட் கல்லுக்கு எழுபத்தைந்து வருடம் கழித்து ஆறே வந்து அந்தச் சடங்கைச் செய்துவிட்டுப் போனதாக எனக்குத் தோன்றியது. நினைவுக்கல்லையும் நீரையும் பிரிக்கக் கூடாது என்று நம் முன்னோர்கள் நினைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் தோன்றியது. மறைக்காமல் சொல்ல வேண்டும். புஷ்தா இன்றும் இருந்திருந்தால் அந்த வெள்ளத்தில் முதலில் முழுகியிருப்பது அந்தக் குடிசைகள்தான். ஆற்றுப்படுகை குடியிருக்கும் இடமில்லை என்று சொன்னவர்கள் அந்த அளவில் சரி. ஆற்றுக்கு இடம் விட வேண்டும். ஆனால் படுகையில் கட்டக் கூடாது என்ற விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததா? எழுந்து போகச் சொன்னவர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் மாற்று இடம் இருந்ததா? விளையாடுவது கட்டுவது ஆகாதே, அதை ஏன் விரட்ட வேண்டும்? மழை வந்தால் விட்டுக்கொடுத்து, வடிந்தால் திரும்ப வரும் ஒரே காரியம் விளையாட்டுதான். பேலா அப்படித்தான் இருந்தது. எங்கள் செங்கல் ஸ்டம்ப்பும் அப்படித்தான்.

வெள்ளத்தின்போது மயூர் விகாரில் எங்கள் தெருமுனையிலேயே சாலையோரம் கூடாரங்கள். படுகையில் காய்கறி பயிரிடும் குடும்பங்கள், மாடுகளுடன். மனைவி செய்து கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை எடுத்துக்கொண்டு நானும் மகளும் போனோம். போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று செங்கல். மகள் என்னைப் பார்த்தாள். "போய் ஆடு" என்றேன்.

பெரியப்பா இப்போது இல்லை. இருந்தால் அவருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 2024-ல் காஷ்மீரி கேட் பக்கம் வாசுதேவ் காட் என்று புதிதாக ஒன்று திறந்தார்கள். கல் படி, மண்டபம், மாலையில் ஆரத்தி. படி இருக்கிறது பெரியப்பா, ஆறும் இருக்கிறது. இறங்கிக் குளிக்கத்தான் முடியாது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிய ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு மகளை அழைத்துப் போனேன். அவள் கையில் பந்து. நாலு முறை எறிவதற்குள் விசில். காவலாளிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். புல் கெட்டுவிடும், மேலே இருப்பவர்கள் பார்த்தால் என் வேலை போய்விடும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். பந்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

இருபது வருடமாக எனக்கு ஒரு கெட்ட பழக்கம். இந்தப் பக்கம் எந்தக் காவலாளியைப் பார்த்தாலும், எந்த டீக்கடைப் பையனைப் பார்த்தாலும், எங்கே வீடு என்று கேட்பேன். பெரும்பாலும் லோனி, குராரி என்று சொல்வார்கள். இவர் "பவானா" என்றார்.

"அதற்கு முன்னால்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விசில் பிடித்த கையால் ஆறு வளையும் திசையைக் காட்டினார்.

அவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். தெரியாது என்றார். புஷ்தாவில் அந்தப் பெயரில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். நானும் மேலே கேட்கவில்லை. பந்தை விரலால் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு மகளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"காலையில் ஆறு மணிக்கு வாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "எட்டு மணி வரைக்கும் யாரும் வர மாட்டாங்க."